பரிந்துரைக் கடிதம் எழுதுவது எப்படி: சாட்சிக் கூண்டில் நின்று ஒரு பக்கம்

"ஒரு பரிந்துரைக் கடிதம் வேணும்" என்று யாராவது வந்து கேட்டால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். கணினியில் பழைய கடிதம் ஒன்றைத் தேடி எடுப்போம். பெயரை மாற்றுவோம், தேதியை மாற்றுவோம், கையெழுத்துப் போடுவோம். பத்து நிமிட வேலை. நானும் பல வருடம் அப்படித்தான் ஓட்டினேன். ஒருமுறை மூன்றாவது பத்தியில் பழைய ஆளின் பெயர் அப்படியே தங்கிவிட்டது. கடிதம் போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். கோபமே இல்லாமல், "சார், நீங்க பரிந்துரைக்கிறது ஒருத்தரையா, ரெண்டு பேரையா?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். வைக்கும் முன் அவர் சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது: "பெயர் மாறினது பெரிய விஷயம் இல்லை சார். யார் பெயரைப் போட்டாலும் கடிதம் பொருந்திப்போகுதே, அதுதான் விஷயம்."

அன்றைக்குத்தான் உறைத்தது. 'நேர்மையானவர், கடின உழைப்பாளி, அனைவருடனும் இணக்கமாகப் பழகக்கூடியவர்' என்று நான் எழுதிக்கொண்டிருந்தது யாரைப் பற்றியுமே இல்லை.

பரிந்துரைப்பவரை வக்கீல் என்று நினைத்துக்கொள்வதால் வரும் வினை இது. வக்கீல் தன் கட்சிக்காரருக்காக வாதாடுவார், புகழ்வார். ஆனால் வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு வாதம் வேண்டாம். விண்ணப்பதாரரே போதுமான அளவு வாதாடியிருப்பார். ஆள் எடுப்பவருக்கு வேண்டியது சாட்சி. எங்கே நின்று பார்த்தீர்கள், எத்தனை நாள் பார்த்தீர்கள், கண்ணால் என்ன பார்த்தீர்கள். இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் அது கடிதம்.

தொடங்கும் முன் ஒரு சின்ன வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்பவர்களே குழப்பிக்கொள்கிறார்கள். அனுபவச் சான்றிதழ் என்பது இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இன்ன பதவியில் இருந்தார் என்று நிறுவனம் தருவது. அதில் கருத்துக்கு இடமில்லை. பரிந்துரைக் கடிதம் ஒரு தனி மனிதர் தன் பெயரில், தன் பொறுப்பில் தருவது. 'விசாரித்துக்கொள்ளலாம்' என்று விண்ணப்பத்தில் உங்கள் பெயரையும் எண்ணையும் கொடுப்பது மூன்றாவது வகை. அங்கே கடிதமே இருக்காது, போன் மட்டும்தான் வரும். எது வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முதல் படி: எழுதலாமா, வேண்டாமா

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். முகதாட்சண்யம். கேட்டுவிட்டார், எப்படி மறுப்பது என்று சம்மதித்துவிட்டு, பிறகு உட்கார்ந்து எழுத ஒன்றும் வராமல் உரிச்சொற்களை அடுக்குவோம். படிப்பவர் அனுபவசாலியாக இருந்தால் அந்த அடுக்கலிலேயே விஷயம் புரிந்துவிடும். வெதுவெதுப்பான கடிதம், கடிதமே இல்லாததைவிட மோசம்.

எனக்கு நானே வைத்திருக்கும் சோதனை இது: இந்த ஆள் வேலை செய்ததைக் காட்டும் இரண்டு சம்பவங்கள், எந்தக் காகிதத்தையும் பார்க்காமல், ஐந்து நிமிடத்தில் நினைவுக்கு வருகிறதா? வந்தால் எழுதலாம். வரவில்லை என்றால் ஒன்று அவரை நான் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை, அல்லது பார்த்ததில் சொல்லும்படியாக இல்லை. இரண்டுமே மறுப்பதற்கான காரணம்தான்.

மறுப்பதையும் மரியாதையாகச் செய்யலாம். "உங்களோடு நான் நேரடியாக வேலை பார்த்தது கொஞ்ச நாள்தான். பக்கத்தில் இருந்து பார்த்தவர் எழுதினால் கடிதத்துக்குக் கனம் கூடும்" என்று சொன்னால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள், அதோடு அது உண்மையும்கூட. அவர் வேலையில் உங்களுக்கு நிஜமாகவே திருப்தி இல்லை என்றால், "இந்த வேலைக்கு நான் எழுதினால் உங்களுக்கு உதவியாக இருக்காது என்று நினைக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். ஒரு நிமிடச் சங்கடம்தான். பின்னால் யாருக்கும் பாதிப்பு இருக்காது.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். பதவியையும் தேதியையும் தவிர வேறெதையும் ஊழியர்கள் எழுத்தில் தரக் கூடாது என்று சில நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் எழுதுவதாக இருந்தால் மனிதவளத் துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. முன்னாள் ஊழியரைப் பற்றி எழுதும்போது முதலாளி நியாயமான கவனத்தோடு எழுத வேண்டும், கவனக்குறைவால் தவறாக எழுதி அவருக்கு நஷ்டம் வந்தால் எழுதியவர் பொறுப்பாளி ஆகலாம் என்று, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1994இல் தீர்ப்பளித்தது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். ஆனால் கையெழுத்துப் போட்ட காகிதம் எங்கேயும் கையெழுத்துப் போட்ட காகிதம்தான்.

இரண்டாம் படி: கேட்டு வாங்குங்கள்

சம்மதித்த கையோடு அவரிடமிருந்து இவற்றையெல்லாம் வாங்கிவிடுங்கள்: வேலை அறிவிப்பின் முழு வாசகம், அவர் அனுப்பப்போகும் தன்விவரக் குறிப்பு, கடிதம் யார் பெயருக்குப் போக வேண்டும், மின்னஞ்சலா இணையப் படிவமா மூடிய உறையா, கடைசித் தேதி எது. இரண்டு வாரமாவது அவகாசம் கேளுங்கள். நாளைக்கே வேண்டும் என்பவர்களுக்கு நாளைக்கே எழுதிய மாதிரியான கடிதம்தான் கிடைக்கும்.

அப்புறம் ஒரு கேள்வி, இதைக் கேட்க மறக்காதீர்கள்: "நான் எதைப் பற்றி எழுதினால் உங்களுக்கு உபயோகமாக இருக்கும்? எதைத் தொடக் கூடாது?" முதல் பாதிக்கு வரும் பதில், நீங்கள் மறந்தே போன ஏதாவது ஒன்றை ஞாபகப்படுத்தும். இரண்டாம் பாதி அதைவிட முக்கியம். இப்போதைய இடத்தில் அவர் வேறு வேலை தேடுவதே தெரியாமல் இருக்கலாம். உடம்பு சரியில்லாமல் ஆறு மாதம் லீவில் இருந்ததை அவர் வெளியே சொல்லாமல் இருக்கலாம்.

"நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லும் வழக்கத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பரவலாக நடக்கிறது, மறைத்துப் பயனில்லை. இதில் எனக்கு நெறி சார்ந்த தயக்கத்தைவிட நடைமுறைத் தயக்கம்தான் அதிகம். தன்னைப் பற்றித் தானே எழுதும்போது மனிதர்கள் ஒன்று கூச்சத்தில் மொட்டையாக எழுதுவார்கள், அல்லது எல்லாவற்றையும் திணிப்பார்கள். ஒரே ஆள் இப்படி மூன்று அதிகாரிகளிடமிருந்து கடிதம் வாங்கி, மூன்றும் ஒரே நடையில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கடிதத்துக்குப் பதிலாகக் குறிப்புகள் கேளுங்கள். "நாம் சேர்ந்து செய்த வேலைகளில் உங்களுக்கு நினைவிருக்கும் நாலைந்தை, தேதியோடு, துண்டுதுண்டாக எழுதித் தாருங்கள்" என்றால் போதும். வாக்கியம் உங்களுடையதாக இருக்கட்டும். கணினியில் ஒரு செயலியிடம் எழுதச் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். நீங்கள் பார்த்ததை அது பார்க்கவில்லை.

மூன்றாம் படி: அறிவிப்பைப் படித்து இரண்டை எடுங்கள்

வேலை அறிவிப்பில் பத்துப் பதினைந்து தகுதிகளை அடுக்கியிருப்பார்கள். அத்தனைக்கும் கடிதத்தில் பதில் சொல்ல முயன்றால் மறுபடியும் உரிச்சொல் மூட்டைதான். பேனாவை எடுத்து, அந்த வேலையில் தவறினால் நிஜமாகவே அடி விழும் இடம் எது என்று தேடிக் கோடு போடுங்கள். கிடங்கு மேற்பார்வையாளர் என்றால் கணக்கும் சரக்கும் ஒத்துப்போவது. வாடிக்கையாளர் சேவை என்றால் கத்துகிற ஆளிடம் நிதானம் இழக்காமல் இருப்பது. அப்படி இரண்டு, மிஞ்சினால் மூன்று. மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

விட்டுவிட மனசு வராது என்பது தெரியும். எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920இல் ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாக மதிப்பிடச் சொல்லியிருந்தும், ஒன்றில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர் மற்றவற்றிலும் பெரும்பாலும் உயர்ந்தே இருந்தார். நம்ப முடியாத அளவுக்கு ஒத்துப்போனது. ஒளிவட்ட விளைவு என்று இதைச் சொல்கிறார்கள். நமக்குப் பிடித்த ஆள் எல்லாவற்றிலும் கெட்டிக்காரராகவே தெரிவார். படிப்பவருக்கு இது தெரியும். அதனால்தான் எல்லாம் நன்று என்ற கடிதத்தை அவர் நம்புவதில்லை. இரண்டை மட்டும் அழுத்திச் சொன்னால், இவர் தேர்ந்தெடுத்துத்தான் சொல்கிறார் என்று நம்புவார்.

நான்காம் படி: நினைவைத் தோண்டுங்கள்

கடிதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது, நேரமும் இங்கேதான் அதிகம் போகும். எழுதுவதற்கு அரை மணி நேரம் என்றால் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய மின்னஞ்சல்களில் அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். வருடாந்திர மதிப்பீட்டுக் குறிப்பு இருந்தால் எடுங்கள். அவரோடு வேலை செய்த இன்னொருவரிடம், "அவரைப் பற்றி உங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது என்ன?" என்று கேளுங்கள்.

ஓர் உதாரணம் காட்டுகிறேன். சரக்குக் கணக்குப் பார்த்த ஒருவருக்கு நான் எழுதிய முதல் வரைவு இப்படி இருந்தது: "இவர் சிறந்த பகுப்பாய்வுத் திறன் கொண்டவர். பிரச்சினைகளின் வேரைக் கண்டறிந்து தீர்க்கும் ஆற்றல் மிக்கவர்." எழுதி முடித்ததும் எனக்கே கொட்டாவி வந்தது. சரி, எதை வைத்து இதைச் சொல்கிறேன் என்று யோசித்தேன். ஒரு சம்பவம் வந்தது.

மாதாமாதம் இருப்புக் கணக்கெடுப்பில் ஒரே ஒரு பொருள் மட்டும் குறையும். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சேதாரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம். இவர் வந்த மூன்றாவது மாதம் பழைய கணக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்திருக்கிறார். குறைவு எப்போதுமே இரட்டைப்படை எண்ணாகவே இருந்தது. 80, 64, 72. சேதாரம் அப்படி ஒழுங்காக வராதே என்று நேரே கிடங்குக்குப் போய் ஒரு பெட்டியைப் பிரித்து எண்ணினார். உள்ளே 10. கணினியில் பெட்டிக்கு 12 என்று இருந்தது. சப்ளை செய்தவர்கள் எப்போதோ பெட்டியின் அளவை மாற்றியிருக்கிறார்கள், நம் பதிவில் யாரும் மாற்றவில்லை. 40 பெட்டி வந்த மாதம் 80 குறையும், 32 பெட்டி வந்த மாதம் 64 குறையும். அவ்வளவுதான் ரகசியம்.

இதை ஐந்து வாக்கியத்தில் எழுதினேன். 'பகுப்பாய்வு' என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். படிப்பவர் அந்தச் சொல்லைத் தானே சொல்லிக்கொள்வார்.

நல்ல சம்பவத்துக்கு மூன்று உறுப்பு உண்டு: நிலைமை என்ன, அவர் என்ன செய்தார், அதனால் என்ன மாறியது. நடுவில் இருப்பதுதான் முக்கியம், ஆனால் நாம் நடுவை விழுங்கிவிட்டு முடிவைக் கொண்டாடுவோம். 'விற்பனையை 20 சதவீதம் உயர்த்தினார்' என்றால் அவர் என்ன செய்தார் என்று தெரியவில்லை. அந்த வருடம் எல்லோருக்கும் விற்பனை உயர்ந்திருக்கலாம். 'பாதியில் விட்டுப்போன வாடிக்கையாளர்கள் 60 பேருக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து காரணம் கேட்டார்' என்று எழுதினால் ஆள் கண்முன் நிற்பார். எண் கொடுக்கிறீர்கள் என்றால் ஆவணத்தில் பார்த்து உறுதி செய்துவிட்டுக் கொடுங்கள். குத்துமதிப்பாக இருந்தால் 'ஏறத்தாழ' என்று சேருங்கள், அல்லது எண்ணை விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: எழுதும் வரிசை

ஒரு பக்கம். ஒன்றரை ஆனாலும் பரவாயில்லை, இரண்டாவது பக்கத்தின் அடிவரை போக வேண்டாம்.

முதல் பத்தியில் நீங்கள் யார், அவரை எந்த முறையில் தெரியும், எவ்வளவு காலம், எவ்வளவு நெருக்கத்தில். 'எனக்கு அவரை மூன்று வருடமாகத் தெரியும்' என்பது போதாது. எதிர்வீட்டுக்காரரையும் மூன்று வருடமாகத் தெரியும். 'மூன்று வருடம் என் குழுவில் இருந்தார். அவர் தயாரித்த மாதாந்திர அறிக்கை ஒவ்வொன்றையும் நான்தான் சரிபார்த்தேன்' என்றால் சாட்சி எங்கே நின்றார் என்பது தெரிகிறது. பரிந்துரைக்கிறேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். கடைசிவரை காத்திருக்க வைக்க இது மர்மக் கதை இல்லை.

அடுத்து இரண்டு பத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு சம்பவம். பிறகு ஒப்பீடு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 'மிகச் சிறந்தவர்' என்றால் யாரோடு ஒப்பிட்டு? 'பதினொரு வருடத்தில் இந்தப் பதவியில் என்னிடம் இருந்தவர்கள் பதினாலு பேர்; கணக்கின் துல்லியத்தில் இவரை முதல் இரண்டு பேரில் வைப்பேன்' என்று சொன்னால் அதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: அந்த 'முதல் இரண்டு' இடத்தை ஏழு பேருக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே துறையில் கடிதங்கள் ஒரே மேஜைக்குப் போய்ச் சேர்வது சகஜம்.

கடைசிப் பத்தியில் கேள்விக்கு நேரடிப் பதில்: மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் இவரை நீங்கள் வேலைக்கு எடுப்பீர்களா? எடுப்பீர்கள் என்றால் அதை அப்படியே எழுதுங்கள். ஆள் எடுப்பவர்கள் முதலில் தேடும் வாக்கியம் அதுதான். கீழே பெயர், பதவி, தொலைபேசி எண், எந்த நேரத்தில் கூப்பிடலாம்.

இதற்கெல்லாம் விதிவிலக்கு இல்லையா என்றால், உண்டு. 1948இல் ரிச்சர்ட் டஃபின் என்ற பேராசிரியர் தன் மாணவர் ஜான் நாஷுக்காகப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதம் மூன்றே வாக்கியம். விண்ணப்பித்திருக்கிறார், வயது பத்தொன்பது, ஜூனில் படிப்பு முடிகிறது, இவர் ஒரு கணித மேதை. அவ்வளவுதான். நாஷ் 1994இல் பொருளாதார நோபல் பரிசு வாங்கியபோது அந்த மூன்று வாக்கியமும் சரியாகவே இருந்தது. அது மேற்படிப்புக்கான கடிதம். எழுதியவரும் மேதையை அடையாளம் காணத் தெரிந்த கணிதவியலாளர். நம் கடிதத்தைப் படிக்கப்போகிறவருக்கு நம்மைத் தெரியாது. அதனால் நமக்கு ஒரு பக்கம் வேண்டும்.

சொற்களைப் பற்றிக் கொஞ்சம்

புகழ்வதுபோல் இருந்து கவிழ்த்துவிடும் வாக்கியங்கள் தமிழில் ஏராளம். 'இவரைப் போல் ஒருவரை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை.' எந்த அர்த்தத்தில்? 'இவர் போன பிறகுதான் இவர் அருமை தெரிந்தது.' இருந்தபோது தெரியவில்லையா? 'கொடுத்த வேலையைச் செய்வார்.' கொடுக்காவிட்டால்? 'தன்னால் இயன்றவரை முயன்றார்' என்பது இதில் மிகவும் ஆபத்து. ஜெர்மனியில் வேலையை விட்டுப் போகிறவருக்குச் சான்றிதழ் கேட்கச் சட்டப்படி உரிமை உண்டு. அது உண்மையாகவும் இருக்க வேண்டும், அவருடைய பிழைப்பைத் தேவையில்லாமல் கெடுக்கவும் கூடாது. இரண்டையும் சமாளிக்க அங்கே ஒரு சங்கேத மொழியே வளர்ந்துவிட்டது. 'எப்போதும் எங்களுக்கு உச்ச அளவில் முழு நிறைவாகச் செய்தார்' என்ற தோரணையில் இருந்தால் முதல் மதிப்பெண். 'எப்போதும்' போனால் ஒரு படி குறைவு. 'முயன்றார்' என்றால் தேறவில்லை என்று பொருள். நம்மிடம் அப்படி ஒப்புக்கொண்ட சங்கேதம் இல்லை, ஆனாலும் படிப்பவர் வரிகளுக்கு நடுவில் தேடத்தான் செய்வார். சத்தமாக ஒருமுறை படித்துப் பாருங்கள்; இரட்டை அர்த்தம் காதில் சீக்கிரம் விழும்.

'மேற்படி நபர் எம்மிடம் செவ்வனே பணியாற்றினார் என்பதை இதன்மூலம் சான்றளிக்கிறேன்' என்ற நடை சான்றிதழுக்குச் சரி. கடிதத்தில் அது ஆளை மறைத்துவிடும். 'செய்யப்பட்டது', 'மேற்கொள்ளப்பட்டது' என்ற செயப்பாட்டு வினைகளும் அப்படித்தான். யார் செய்தார் என்பதைச் சொல்லத்தானே எழுதுகிறோம்?

இன்னொரு விஷயம், நானே பலமுறை சறுக்கியது. தமிழில் 'அவர்' என்று எழுதினால் ஆணா பெண்ணா என்று தெரியாது, அது ஒரு வசதி. ஆனால் சுற்றியிருக்கும் சொற்கள் காட்டிக்கொடுத்துவிடும். பிரான்சஸ் டிரிக்ஸ், கரோலின் சென்கா என்ற ஆய்வாளர்கள் இருவரும் மருத்துவக் கல்லூரி ஆசிரியப் பணிக்கு வந்த 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெண்களுக்கு எழுதப்பட்டவை சராசரியில் சிறியவை. சந்தேகத்தைக் கிளப்பும் வாக்கியங்கள் அவற்றில் அதிகம். ஆண்களுக்கு ஆராய்ச்சி, சாதனை என்று வந்த இடத்தில் பெண்களுக்கு உழைப்பாளி, பொறுப்பானவர், நன்றாகக் கற்பிப்பார் என்று வந்தது. எழுதியவர்கள் கெடுதல் நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். இதைப் படித்த பிறகு என் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். பெண்களுக்கு நான் எழுதியவற்றில் 'அமைதியானவர்', 'சிரித்த முகம்' இருந்தன. ஒரு ஆணுக்குக்கூட நான் சிரித்த முகம் எழுதியதில்லை.

எழுதக் கூடாதவை: வயது, மதம், சாதி, திருமணம், குழந்தை, உடல்நிலை, அரசியல், சம்பளம். பாராட்டாகக்கூட வேண்டாம். 'குழந்தை பிறந்த பிறகும் ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை' என்று எழுதினால் உங்களுக்கு அது பெருமை. படிப்பவருக்கு வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்ற தகவல்.

குறையைச் சொல்வதா?

இணையப் படிவங்கள் சில, 'இவர் மேம்படுத்திக்கொள்ள வேண்டியது என்ன' என்று நேராகவே கேட்கும். அங்கே 'அளவுக்கு மீறி உழைப்பார்' என்று எழுதிவிடாதீர்கள், படிப்பவர் சிரிப்பார். கேட்காத கடிதத்தில் குறையைத் தேடிப்போய் எழுத வேண்டியதில்லை. ஆனால் உண்மையான, சின்ன, மாறிக்கொண்டிருக்கும் ஒரு குறை இருந்தால், ஒரே வாக்கியத்தில் சொல்வது மற்ற புகழ்ச்சிக்கெல்லாம் கனம் சேர்க்கும் என்பது என் அனுபவம். 'வந்த புதிதில் கூட்டங்களில் வாயே திறக்க மாட்டார். கடைசி வருடம் மாதாந்திரக் கூட்டத்தை நடத்தியதே அவர்தான்.' எழுதும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்த வேலையின் மையத்தில் கை வைக்கும் குறை என்றால், முதல் படிக்குத் திரும்புங்கள். நீங்கள் இந்தக் கடிதத்தை எழுத வேண்டிய ஆள் இல்லை.

ஒரு முழுக் கடிதம்

மேலே சொன்ன சரக்குக் கணக்குக்காரருக்குக் கடைசியில் போன கடிதம் ஏறத்தாழ இப்படி இருந்தது. பெயர் வரும் இடங்களில் 'இவர்' என்று மாற்றியிருக்கிறேன்.

'மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனத்தில் கிடங்கு மேற்பார்வையாளர் பணிக்கு விண்ணப்பித்திருக்கும் இவரை முழு மனதோடு பரிந்துரைக்கிறேன். நான்கு ஆண்டுகள் இவர் என் நேரடிப் பொறுப்பில் இருப்புக் கணக்கு உதவியாளராக இருந்தார். இவருடைய மாதாந்திரக் கணக்கெடுப்பு ஒவ்வொன்றையும் சரிபார்த்துக் கையெழுத்திட்டவன் நான்.

எங்கள் கணக்கில் ஒரு பொருள் மாதந்தோறும் குறைந்துவந்தது. சேதாரம் என்றே நாங்கள் எழுதிவந்தோம், நான் உட்பட. சேர்ந்த மூன்றாவது மாதம் இவர் பழைய கணக்குகளை ஒப்பிட்டு, குறைவு எப்போதும் வந்த பெட்டிகளின் இரு மடங்காக இருப்பதைக் கவனித்தார். பெட்டியைப் பிரித்து எண்ணி, பதிவில் இருந்த 12 தவறு, உள்ளே இருப்பது 10 என்று காட்டினார். அடுத்த மாதம் முதல் அந்தக் குறைவு இல்லை.

இவர் தனியாக மட்டும் வேலை செய்பவர் அல்ல. புதிய மென்பொருள் வந்தபோது, கணினியைத் தொடவே தயங்கிய மூத்த ஊழியர்கள் மூவருக்கு மதிய உணவுக்குப் பிறகு தினமும் இருபது நிமிடம் சொல்லிக்கொடுத்தார். யாரும் இவரிடம் அதைக் கேட்கவில்லை. மூவரும் இன்று தாங்களாகவே பதிவு செய்கிறார்கள்.

தொடக்கத்தில் தவறு கண்டாலும் மூத்தவர்களிடம் சொல்லத் தயங்குவார். கடைசி இரண்டு ஆண்டுகளில் அந்தத் தயக்கம் போய்விட்டது. என் தவறுகளையே இரண்டு முறை சுட்டிக்காட்டியிருக்கிறார்.

இந்தப் பதவியில் என்னிடம் பணியாற்றிய பதினாலு பேரில் கணக்கின் துல்லியத்தில் இவரை முதல் இருவருள் ஒருவராகக் கருதுகிறேன். இடம் இருந்தால் மறுபடியும் இவரை எடுத்துக்கொள்வேன். மேலும் விவரம் தேவைப்பட்டால் மாலை நான்கு மணிக்குப் பிறகு கீழ்க்கண்ட எண்ணில் அழைக்கலாம்.'

கவனித்தால் 'நேர்மை', 'உழைப்பு', 'திறமை' என்ற மூன்று சொல்லும் இதில் இல்லை. 'நான் உட்பட' என்ற இரண்டு சொல்லைச் சேர்க்கத்தான் எனக்கு ரொம்ப நேரம் ஆனது.

அனுப்பும் முன்

முதலில் அந்த அம்மாவின் சோதனை: கடிதத்தில் வேறொருவர் பெயரைப் போட்டுப் படியுங்கள். பொருந்தினால் கடிதம் இன்னும் தயாராகவில்லை. பிறகு பெயர், பதவி, நிறுவனத்தின் பெயர், தேதிகள் ஆகியவற்றை அவருடைய தன்விவரக் குறிப்போடு வைத்துச் சரிபாருங்கள். நீங்கள் நான்கு வருடம் என்றும் அவர் ஐந்து வருடம் என்றும் சொன்னால் மாட்டிக்கொள்வது அவர்தான். பழைய கோப்பின் மேல் எழுதியிருந்தால் முன்னாள் ஆசாமிகளின் பெயரைத் தேடிப் பாருங்கள், என் கதை உங்களுக்கு வேண்டாம். பிடிஎஃப் ஆக மாற்றிக் கையெழுத்தோடு அனுப்புங்கள். கோப்புக்கு 'கடிதம் இறுதி புதியது 2' என்று பெயர் வைக்காமல் விண்ணப்பதாரரின் பெயரையே வையுங்கள்.

அனுப்பிவிட்டேன் என்று அவருக்கு ஒரு வரி தட்டிவிடுங்கள். பாவம், கேட்கவும் முடியாமல் காத்திருப்பார்.

கடிதத்தின் நகலையும், அதற்காக எடுத்த குறிப்புகளையும் ஒரு ஆறு மாதமாவது வைத்திருங்கள். நீங்கள் எல்லாவற்றையும் மறந்துபோன ஒரு மாலையில் தெரியாத எண்ணிலிருந்து போன் வரும். "அந்தப் பெட்டியில 12க்குப் பதிலா 10 இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அதை அவர் எப்படிக் கண்டுபிடிச்சார்னு கொஞ்சம் விளக்கமா சொல்ல முடியுமா?" என்று கேட்பார்கள். என்னிடம் அப்படித்தான் கேட்டார்கள். இருபது நிமிடம் பேசினோம்.